ஊறப் போட்ட படகுகள்

படகுகள் மிக அழகாக இருந்தன. எனக்கு முதலில் எரிச்சல் வந்தது அதைப் பார்த்துத்தான்.

மூன்று மரப் படகுகள். தகரக் கூரை போட்ட கொட்டகைக்குள், கட்டைகளின் மேல் வரிசையாக ஏற்றி வைத்திருந்தார்கள். பச்சை வர்ணம், விளிம்பில் வெள்ளைக் கோடு. முகப்பில் பன்னிரண்டு பேர் ஏறலாம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. வர்ணம் இப்போதுதான் காய்ந்திருந்தது. கொட்டகை முழுவதும் அதன் வாடை.

"தொட்டுப் பாரும் தம்பி," என்றார் சோமசேகரம். "கண்ணாடி மாதிரி இருக்கும்."

அவர் லூபோக் காயு உதவி மாவட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர். லூபோக் காயு, சிகாமட் ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் அரை நாள் உள்ளே போனால் வரும் ஆற்றோர ஊர். மேலதிகாரி அடிக்கடி மூவாரில் இருப்பார். ஊரில் நடப்பதெல்லாம் சோமசேகரத்தின் கையில். யாழ்ப்பாணத்துக்காரர். நானும் யாழ்ப்பாணம் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

நான் ஜொகூர் பாருவிலிருந்து வந்த கணக்காய்வு உதவியாளன். சென்ற பெருவெள்ளத்துக்குப் பிறகு, அடுத்த வெள்ளத்தைத் தடுக்கவும் தாங்கவும் அரசாங்கம் ஊர் ஊராகச் சில ஏற்பாடுகள் செய்திருந்தது. அவை இருக்கின்றனவா, ஆபத்து வந்தால் உதவுமா என்று பார்த்து எழுதுவது என் வேலை. 1929 நவம்பர். இன்னும் சில வாரங்களில் பெருமழை இறங்கும்.

மற்றவற்றைக் காலையிலேயே பார்த்துவிட்டேன். ஆற்றோரம் மண்கரை எழுப்பியிருந்தார்கள். அது அலுவலகத்தையும் உத்தியோகத்தர் வீடுகளையும் வளைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. சாலை போடும் அரசாங்கக் கூலிகள் குடியிருக்கும் லயம் கரைக்கு வெளியே, ஆற்றுப் பக்கம் இருந்தது. லயத்தை எப்போது மேட்டுக்கு மாற்றுவீர்கள் என்று கேட்டேன். திட்டத்தில் இருக்கிறது என்றார். அரிசிக் கிடங்கு மேட்டில்தான் கட்டியிருந்தார்கள், ஆனால் ஆற்றுக்கு அக்கரையில். வெள்ளம் வந்தால் அரிசி நனையாது. தின்ன வேண்டியவர்கள் அங்கே போகவும் முடியாது.

ஆகவே எல்லாம் படகுகளில் வந்து நின்றது. லயத்து மக்களுக்கு வேறு வழி இல்லை.

நான் காரைநகரில் பிறந்தவன். அங்கே யாரும் மரப் படகைக் காய விடமாட்டார்கள். சும்மா கிடக்கும் படகைக் கரையோர நீரில் முக்கி ஊறப் போடுவார்கள். பலகை தண்ணீர் குடித்துப் பருக்கும். இடுக்குகள் தாமாக மூடிக்கொள்ளும். காயவிட்டால் பலகை சுருங்கி இடுக்கு வாய் திறக்கும். நான் அந்தத் தகரக் கூரையின் கீழ் சிறிது நேரம்தான் நின்றிருந்தேன். சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. படகுகள் வருடக் கணக்கில் அந்த வெக்கையில் கிடந்தன.

பேனாக்கத்தியை எடுத்து இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். வர்ணம் தோல்போல் கிழிந்தது. கத்தி பிடிவரை இறங்கியது.

"என்ன செய்யுறீர்? பெயின்ற் பழுதாகப் போகுது."

"ஐயா, பலகைக்கு நடுவில ஒண்டுமில்லை. பெயின்ற் மட்டும்தான் இருக்கு."

"அதுதானே. மூண்டு தரம் அடிப்பிச்சிருக்கிறன்."

"இதுகளை எப்பவாவது தண்ணியில இறக்கினனீங்களோ?"

"தண்ணியில இறக்கினா வந்து பாக்கிறவைக்கு என்னத்தைக் காட்டுறது?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். வருடா வருடம் வர்ணம் அடிக்கும்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாராம். எனக்கு முன்னால் ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லாரும் "படகுகள் உலர்ந்து, சுத்தமாக, நன்கு வர்ணம் பூசப்பட்டுள்ளன, திருப்தி" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள்மேலும் முழுப் பழி போட முடியாது. எங்கள் அலுவலகத்துப் படிவம் கேட்பதே அதைத்தான். உலர்ந்திருக்கிறதா? வர்ணம் இருக்கிறதா? மிதக்குமா என்று அது கேட்பதில்லை.

மத்தியானம் தம் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். போனேன். புட்டும் மீன் குழம்பும். எனக்கு மார்ச் மாதத்திலிருந்து சாப்பாட்டில் ருசி தெரிவதில்லை. வைத்ததைத் தின்றேன்.

"உமக்கு எத்தினை வயசு?"

"இருபத்தாறு."

"பாரும். இருபத்தாறு." கதவோரம் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நான் எல்லாம் விசாரிச்சனான். விதி, என்ன செய்யிறது? ஆண்டுத் திவசம் முடியட்டும் எண்டு சொல்லுவீர். நியாயம். அதுக்குப் பிறகு? என்ர தங்கச்சியின்ர மகள் ஒருத்தி மூவாரில இருக்கிறாள். திலகம். இங்கிலீசு பேப்பர் வாசிப்பாள். கோபமே வராது."

"பொடியனைச் சாப்பிட விடுங்கோவன்," என்றார் அவர் மனைவி.

"சாப்பிடட்டும், நான் வாயையே பிடிச்சு வைச்சிருக்கிறன்? உத்தியோகத்தில இருக்கிற பொடியன் ஹோட்டல் சோறு திண்டுகொண்டு திரியிறது எங்கட ஆக்களுக்குத்தானே வெக்கம்?"

நான் புட்டைப் பிசைந்தேன். என் மனைவி யோகத்தை நினைத்தேன் என்று சொல்ல முடியாது. அந்த ஆஸ்பத்திரி அறையைத்தான் நினைத்தேன். கட்டில் வெள்ளையாக இருந்தது. சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் குப்பிகள் உயர வாரியாக அடுக்கியிருந்தன. இரத்தத்தை நிறுத்தும் மருந்து இருந்த குப்பி காலியாக இருந்தது. யாரும் அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை. யோகமும் பிள்ளையும் ஒரே நாளில் போனார்கள். அதற்கும் விதி என்றுதான் சொன்னார்கள்.

"நாளைக்குக் காலமை படகைத் தண்ணியில இறக்க வேணும் ஐயா," என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். எங்கள் ஆட்களிடம் கல்யாணப் பேச்சுக்கு மறுப்பு வரவில்லை என்றால் பாதிச் சம்மதம் என்று பொருள். நான் மறுக்கவில்லை.

"உமக்காக இறக்குவம். பெயின்ற் திருப்பி அடிக்கலாம்."

பின்னேரம் லயத்துக்குப் போனேன். முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். பெயர் அங்கம்மா.

"யாரு, கொசு மருந்து ஐயாவா?"

"இல்லை. வெள்ளத்துக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று பார்க்க வந்தேன்."

"பாத்தாச்சா?"

"படகு பார்த்தேன்."

"ஜோரா இருக்குமே." கோடாலியைக் கட்டையில் இறக்கினாள். "எங்க கூரை ஒழுகுதுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அந்தச் சம்பான் படகுக்கு மட்டும் வருசா வருசம் புதுச்சேலை லா."

அடுத்த வாசல்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

சென்ற வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல் விறகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்போது ஒரு படகுதான் இருந்தது. அதுவும் இதே கொட்டகையில் பச்சையாக மினுக்கிக்கொண்டு கிடந்தது. முதல் நடையில் ஏழு பேர் ஏறினார்கள். அவள் புருஷன் அர்ச்சுனன் முன்னால் உட்கார்ந்திருந்தான். நடு ஆற்றில் படகுக்குள் தண்ணீர் ஏறியது. அர்ச்சுனன் சோற்றுப் பானையால் இறைத்துக்கொண்டே இருந்ததை அவள் கூரையிலிருந்து பார்த்தாள். பிறகு பானை தெரிந்தது, அவன் தெரியவில்லை.

"விசாரணைக்கு வந்தாங்க. கூட்டம் முண்டியடிச்சு ஏறுனதால முழுகிருச்சுன்னு எழுதிட்டாங்க. அம்மாம் பெரிய சம்பான்ல ஏழே பேர், ஐயா. முண்டியடிக்கணும்னா எட்டாவது ஆளு வேணாமா?"

அந்த விசாரணைக்குப் பிறகுதான் அரசாங்கம் மூன்று புதுப் படகு கொடுத்தது. முகப்பில் பன்னிரண்டு பேர் என்று எழுதியதும் அதற்குப் பிறகுதான். செத்தவர்களுக்கு எண்ணி ஏறத் தெரியவில்லை என்று அர்த்தம்.

"இந்தமுறை வெள்ளம் வந்தால் படகில் ஏறுவீர்களா?"

"கூரை மேல ஏறுவேன். போன தடவை கூரையில இருந்தவங்கதான் இன்னிக்கு இருக்கோம்."

"கூரைக்கு மேல் வந்தால்?"

"வந்தா போறோம். ஆனா கூரையில இருந்து செத்தா முண்டியடிச்சோம்னு எழுத முடியாது பாருங்க."

கோடாலியைச் சாத்தி வைத்தாள். "ஐயா வீட்ல எங்க, ஜொகூர் பாருலயா?"

"மார்ச்சில் இறந்துவிட்டாள். பிள்ளைப்பேற்றில்."

"பிள்ளை?"

"அதுவும்."

விதி என்று அவள் சொல்லவில்லை. ஒரு பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தேன். அவள் மறுபடி விறகு பிளந்தாள்.

மறுநாள் காலையில் முதல் படகை ஆற்றுக்கு இழுத்து வந்தார்கள். இழுத்தவர்கள் லயத்து ஆட்கள். அதட்டியவர் மேற்பார்வையாளர் தங்கராஜு. கொட்டகைச் சாவி அவரிடம்தான் இருக்கும். காக்கிக் கால்சட்டை, தலையில் தொப்பி. வர்ணத்தில் கீறல் விழாமல் இருக்க வாழை மட்டை போட்டு இழுக்கச் சொன்னார்.

சோமசேகரம் வெள்ளைக் கோட்டும் குடையுமாக வந்திருந்தார். படகு நீரில் இறங்கியது. மிதந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. வர்ணம் இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது.

"எப்பிடி?" என்றார்.

"ஆள் ஏற வேணும் ஐயா. பன்னிரண்டு பேருக்கு எண்டு எழுதியிருக்கு."

தங்கராஜு லயத்து ஆட்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஒருவரும் அசையவில்லை. "ஏறுங்கடா," என்றார். அப்போதும் அசையவில்லை.

"பெரிய கிராணி ஐயா முதல்ல ஏறட்டும்," என்றாள் அங்கம்மா பின்னாலிருந்து, சோமசேகரத்தைக் காட்டி. "அவரு வீட்டுச் சம்பான்தானே. நாங்க கால் வெச்சா அழுக்காயிரும்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சோமசேகரத்துக்குக் காது சிவந்தது.

"ஏன், எனக்கென்ன பயமே?" என்னைப் பார்த்தார். நானும் ஏறுகிறேன் என்றேன். அது அவருக்கு உற்சாகமாகிவிட்டது. "வாரும் தம்பி. தங்கராஜு, நீயும் ஏறு." அலுவலகச் சிப்பந்திகள் மூவரும் ஏறினார்கள். மொத்தம் ஆறு பேர். நீளமான கயிறு ஒன்றைப் படகில் கட்டி, மறுமுனையைக் கரையில் நின்றவர்களிடம் கொடுத்திருந்தேன். சிப்பந்திகள் துடுப்புப் போட்டார்கள்.

பாதி ஆறு போவதற்குள் காலடியில் சத்தம் கேட்டது. காய்ந்த இலையை மிதித்ததுபோல் ஒரு சத்தம். வர்ணம் பிளந்தது. முதலில் ஒரு கோடாக ஈரம். பிறகு எல்லா இடுக்கிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்தது.

சோமசேகரம் சப்பாத்துக் காலை உயர்த்தினார். "தம்பி, தண்ணி வருது."

"ஓம். வருது."

"இழுக்கச் சொல்லும்."

"கொஞ்சம் பொறுங்கோ. பரிசோதனை முடியேல்லை."

தங்கராஜு தொப்பியைக் கழற்றித் தண்ணீரை இறைத்தார். தொப்பியால் எவ்வளவு இறைக்க முடியும்? கணுக்கால் முழுகியது. சிப்பந்தி ஒருவன் முருகனைக் கூப்பிட்டான்.

"தம்பி, எனக்கு நீந்தத் தெரியாது."

"போனமுறை ஏழு பேர் ஐயா. இப்ப ஆறு பேர் இருக்கிறம். இதில முண்டியடிச்சு ஏறினது ஆர் எண்டு பாத்துச் சொல்லுங்கோ. எழுத வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். பயந்துபோன கிழவரின் முகம். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. கரையைப் பார்த்துக் கையை உயர்த்த வேண்டியவன் நான். உயர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

கயிறு விறைத்தது. நான் சொல்லாமலே அங்கம்மா இழுக்கத் தொடங்கியிருந்தாள்.

"இழுங்கடா. செத்துத் தொலைஞ்சா அதுக்கும் நம்மளைத்தான் எழுதுவானுங்க."

எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். கரைக்குப் பக்கத்தில், இடுப்பளவு நீரில் படகு அமிழ்ந்து தரை தட்டியது. சோமசேகரம் குடையைப் பிடித்தபடி ஆற்றுக்குள் நின்றார். வெள்ளைக் கோட்டில் பச்சை வர்ணம் செதிள் செதிளாக ஒட்டியிருந்தது. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

"வெளியே இழுத்துக் காயப் போடுங்க," என்றார் தங்கராஜு.

"தொடாதீர்கள்," என்றேன்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு விதி உண்டு. அரசாங்கப் பொருள் ஒன்றைப் பற்றித் தணிக்கையில் கேள்வி எழுந்தால், கேள்விக்குப் பதில் வரும்வரை அதை இருக்கும் இடத்திலிருந்து அசைக்கக் கூடாது. அரக்கும் நாடாவும் பித்தளை முத்திரையும் எப்போதும் என் பைக்குள் இருக்கும். அறைகளையும் பெட்டிகளையும் பூட்டி முத்திரை வைப்பதற்காகக் கொடுத்தவை. படகின் கயிற்றைக் கரையோர மரத்தில் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி முத்திரை குத்தினேன்.

மற்ற இரண்டு படகுகளையும் கொண்டுவரச் சொன்னேன். ஆளுக்குப் பதில் கல் ஏற்றினோம். இரண்டும் கல்லோடு அமிழ்ந்தன. அவற்றுக்கும் முத்திரை வைத்தேன்.

உலர்ந்த உடையோடு சோமசேகரம் திரும்பி வந்தபோது மூன்று படகும் நீருக்கடியில் இருந்தன. விளிம்பின் வெள்ளைக் கோடு மட்டும் கலங்கலாகத் தெரிந்தது.

"எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டார்.

"பதில் வரும்வரைக்கும்."

ஜொகூர் பாருவிலிருந்து பதில் வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். அது எனக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் திரும்பி நடந்தார். அன்றைக்குச் சாப்பாட்டுக்கும் கூப்பிடவில்லை.

புறப்படும் முன் அங்கம்மாவிடம் சொன்னேன். ஆறு கரை ஏறத் தொடங்கியதும் முத்திரையை உடைக்க வேண்டும். கல்லை இறக்கி, படகை ஆட்டித் தண்ணீரை இறைக்க வேண்டும். அதற்குள் பலகை ஊறியிருக்கும். ஒழுகாது.

"முழுகிப் போன சம்பான்ல ஏறச் சொல்றீங்க."

"ஆம்."

"காஞ்ச சம்பான்ல ஏறச் சொன்னவங்களும் உங்களை மாதிரிதான் சட்டையெல்லாம் போட்டிருந்தாங்க."

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.

"முத்திரையை உடைச்சா ஜெயிலுதானே?"

"அது என் முத்திரை. என்னிடம்தான் கேட்பார்கள்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் சிகாமட் பேருந்தில் ஏறினேன்.

டிசம்பர் நடுவில் மழை பிடித்தது. ஜொகூர் பாருவில் என் அறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். லூபோக் காயு தந்திக்கம்பி அறுந்துவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சிகாமட் சாலையும் முழுகிவிட்டது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவர்கள் ஏறினார்களா, இல்லையா? ஏறியிருந்து படகு ஒழுகியிருந்தால், அர்ச்சுனனை அனுப்பியவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. அதைச் சொல்ல யாரும் இல்லை.

மழை நிற்பதற்கு முன்னால் என் மேலதிகாரி கூப்பிட்டார். வெள்ளைக்காரர். மேசையில் சோமசேகரத்தின் புகார் இருந்தது. உத்தியோகத்தர்களின் உயிருக்கு ஆபத்து விளைவித்தேன், அரசாங்கச் சொத்தை மூழ்கடித்தேன் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, இளவயதில் மனைவியைப் பறிகொடுத்த துயரத்தால் நிதானம் இழந்திருப்பதாகவும், கருணையோடு நடத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

மேலதிகாரி கருணையோடுதான் நடந்தார். என்னை உட்காரச் சொன்னார். விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறாயா என்று கேட்டார். படகுகள் ஒழுகின என்றேன். உன் நிலை எனக்குப் புரிகிறது என்றார். ஒரு படிவத்தைத் திருத்தினால் போதும், "மிதக்குமா" என்று ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும் என்றேன். நன்றாகத் தூங்குகிறாயா என்று கேட்டார்.

யோகம் உயிரோடு இருந்திருந்தால் அலுவலகத்தில் என்னைத் திட்டியிருப்பார்கள். நான் வாதாடியிருப்பேன். அவள் செத்தது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. நான் என்ன சொன்னாலும் அது துக்கம்.

ஜனவரியில் வெள்ளத்தைப் பற்றிய அறிக்கை வந்தது. லூபோக் காயுவில் உயிர்ச்சேதம் இல்லை. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுத்த வரியில், மீட்புப் படகுகளைச் சிறந்த முறையில் பராமரித்து ஆயத்தமாக வைத்திருந்ததற்காகத் தலைமை எழுத்தருக்குப் பாராட்டு. எனக்கும் ஒரு தாள் வந்தது. மூன்று முத்திரைகள் அனுமதியின்றி உடைக்கப்பட்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

கேள்வியை எழுப்பியவனே போய் அதை முடித்து வைக்க வேண்டும் என்பது வழக்கம். மறுபடி லூபோக் காயுவுக்குப் போனேன்.

லயத்துச் சுவர்களில் சேற்றுக் கோடு கூரையைத் தொட்டிருந்தது. அரசாங்கக் கரை அப்படியே இருந்தது. அலுவலகத்துக்குள் ஒரு துளி நுழையவில்லை. கொட்டகையில் இரண்டு படகுகள் கட்டை மேல் ஏறியிருந்தன. ஒருவன் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். சோமசேகரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரும்," என்றார். பழைய தோரணை பாதி திரும்பியிருந்தது. "திலகத்துக்கு ரயில்வேயில ஒரு பொடியன் சரிவந்திட்டுது."

"சந்தோசம் ஐயா. இந்தப் படகுகள் மிதந்தது ஏனெண்டு தெரியுமோ?"

"படகு செய்யிறதே மிதக்கத்தானே?"

"தண்ணியில ஊறினதால மிதந்தது. திரும்பவும் காயப் போட்டிருக்கிறியள்."

"தம்பி, பெப்ரவரியில மேலதிகாரி பாக்க வாறார். முழுகின படகையே அவருக்குக் காட்டச் சொல்லுறீர்?" பாராட்டுக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். என் கண் அதில் நின்றதைப் பார்த்து அவரே பேச்சை மாற்றினார். "மூண்டாவது படகு வெள்ளத்தில போயிட்டுது. தங்கராஜு ரெண்டு நாள் தேடினவன்."

லயத்துக்குப் போனேன். அங்கம்மா வீட்டுச் சேற்றைச் சுரண்டி வாளியில் அள்ளிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"முத்திரையை நான்தான் உடைச்சேன். முதல்ல நான் மட்டும் ஏறி உக்காந்தேன். எல்லாரும் கூரையில இருந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்படியே ஆத்துல கொஞ்ச தூரம் போய்த் திரும்புனேன். பாவாடை நனையல. அப்புறம்தான் வாங்கன்னேன்." வாளியை ஓரமாகத் தள்ளினாள். "நனைஞ்சிருந்தா உங்களை விட்டிருக்க மாட்டேன். ஆவியா வந்திருப்பேன் லா."

"நடந்து பேசுவோமா?" என்றேன்.

அவள் என்னை ஆற்றோரம் கூட்டிப் போகவில்லை. மூன்றாவது படகைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்ததால் நான்தான் போனேன். அவள் பின்னால் வந்தாள். லயத்துக்குப் பின்புறம் ஒரு சின்ன ஓடை ஆற்றில் சேர்கிறது. அதன் கரையில், மரவேரில் ஒரு கயிறு கட்டியிருந்தது. புதுக் கயிறு. நேராகத் தண்ணீருக்குள் போயிருந்தது. கலங்கலுக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

அங்கம்மா முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள். அரசாங்கப் படகைத் திருடினால் என்ன தண்டனை என்று அவளுக்குத் தெரியும்.

குனிந்து கயிற்றின் முடிச்சைப் பார்த்தேன். சரியாக இல்லை. அவிழ்த்து, காரைநகரில் போடுவதுபோல் இறுக்கிக் கட்டினேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி, படிவத்தை எடுத்தேன். படகுகள் மூன்று. கையிருப்பு இரண்டு. குறைவுக்குக் காரணம் என்ற இடத்தில், வெள்ளத்தில் போனது, நேரில் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். உத்தியோகத்தில் நான் எழுதிய முதல் பொய். மை உலரும்வரை ஊதினேன். சோமசேகரம் அதை வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

பேருந்து நிற்கும் இடத்துக்கு அங்கம்மா வந்திருந்தாள். என்ன எழுதினேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அடுத்த வருசமும் நீங்கதான் வருவீங்களா?"

"இல்லை. என்னை ரெங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிகளைப் பார்க்க வேண்டும்."

"அங்கேயும் பெயின்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க."

"குப்பியைத் திறந்து பார்ப்பேன்."

அவளுக்கு அது விளங்கியிருக்காது. தலையை மட்டும் ஆட்டினாள். கொட்டகைப் பக்கம் பார்த்தாள். தகரக் கூரை வெயிலில் பளபளத்தது. உள்ளே இரண்டு படகுகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அந்த இரண்டும் அப்படியேதான் கிடக்கும் போல," என்றேன்.

"கெடக்கட்டும்," என்றாள். "அடுத்த வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அதுவும் வெள்ளத்துல போயிரும் ஐயா."